கேசட்டில் ஹார்ஷ் நாய்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் என் டேப் ரெக்கார்டர் ஓடுவதைக் கேட்டுவிட்டு வந்து விசாரித்தவர்களின் கேள்விகள் இவை. வீட்டுக்கு வந்த நண்பர்கள், மாடியில் குடியிருப்பவர்கள், ரிப்பேர் கடையில் பக்கத்தில் நின்றவர்கள் என்று பலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட தொனியிலேயே விட்டிருக்கிறேன்.

ஹார்ஷ் நாய்ஸ் என்றால் என்ன?

தாளம், ராகம், பல்லவி, சரணம் எதுவும் இல்லாமல் இரைச்சலை மட்டுமே பொருளாகக் கொண்ட இசை. அடிவயிற்றில் அதிரும் உறுமலிலிருந்து பல் கூசவைக்கும் சீறல் வரை, காதுக்கு எட்டக்கூடிய எல்லா உயரத்திலும் ஒரே நேரத்தில் ஒலி நிரம்பியிருக்கும்.

செய்யும் விதம் ரொம்பக் கடினமில்லை. மேடைக் கச்சேரிக்கு வைக்கும் மிக்சரின் அவுட்புட்டை எடுத்து அதன் இன்புட்டிலேயே செருகினால், வெளியிலிருந்து எந்த ஒலியும் உள்ளே போகாமலே அது அலற ஆரம்பிக்கும். அந்த அலறலை, கிட்டார் வாசிப்பவர்கள் காலால் அழுத்தும் டிஸ்டார்ஷன் பெடல்கள் இரண்டு மூன்றின் வழியாக அனுப்புவார்கள். சிலர் தகரத்திலோ ஸ்பிரிங்கிலோ கான்டாக்ட் மைக்கை (ஒட்டிய பொருளின் அதிர்வையே ஒலியாகப் பிடிக்கும் மைக்) ஒட்டி, அதைச் சுரண்டி, தரையில் இழுத்து, அடித்து ஒலி எடுப்பார்கள். சிலர் மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கத்துவார்கள். கடைசியில் காதில் விழுவதை வைத்து எது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

இதைப் போய் யாராவது பாட்டு என்பார்களா?

பாட்டு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒலியின் அடர்த்திக்காகவே வாசிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. தாலி கட்டும் நேரத்தில் ஐயர் கையை உயர்த்தியதும் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து பொழிகிற கெட்டி மேளத்தில் ராகத்தை யார் கவனிக்கிறார்கள்? தும்மல், அழுகை, வேண்டாத சொல் எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது. அதற்காகவே இடைவெளி விடாமல் வாசிக்கிறார்கள். தீபாராதனையின்போது மணியும் மேளமும் சங்கும் ஒன்றாக எழும்போதும் அப்படித்தான். சில கோயில்களில் இப்போது அதற்குக் கரண்டில் ஓடும் இயந்திரமே வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்றால் பேசுவது கேட்காது, யாரும் குறை சொல்வதுமில்லை.

அதெல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்கு ஒரு காரணமும் உண்டு. ஹார்ஷ் நாய்ஸ் கேசட்டில் அது முப்பது நிமிடம் நீடிக்கும், காரணம் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான். என் பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, “கெட்டி மேளத்துக்கு அப்புறம் சாப்பாடு போடுவாங்கடா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

யார் ஆரம்பித்து வைத்தது?

இத்தாலிய ஓவியர் லூயிஜி ரஸ்ஸோலோ 1913-ல் இரைச்சலையும் இசைக்குள் சேர்க்க வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதி, அதற்கென்றே பெட்டி பெட்டியாகக் கருவிகளும் செய்தார். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975-ல் கிட்டார் ஃபீட்பேக்கை (ஸ்பீக்கர் ஒலி கிட்டாருக்கே திரும்பிப் போய் எழும் அலறல்) மட்டும் வைத்து ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்ற இரட்டை இசைத்தட்டு வெளியிட்டார். கடைசிப் பக்கத்தின் முடிவில் ஊசி ஒரே வட்டத்தில் மாட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். நீங்களாக எழுந்து போய் எடுக்கும் வரை அது நிற்காது.

ஆனால் இன்று நாம் ஹார்ஷ் நாய்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் ஜப்பானில் உருவானது. டோக்கியோவில் மசாமி அகிட்டா 1979-ல் மெர்ஸ்பவ் என்ற பெயரில் தொடங்கினார். அதே ஆண்டு கியோட்டோவில் ஹிஜோகைடான் குழு தொடங்கியது. ஒசாகாவிலிருந்து மசோன்னா வந்தார். எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் இன்கபாசிட்டன்ட்ஸ் என்ற இருவர் குழு. ஒருவருக்கு வங்கி வேலை, இன்னொருவருக்கு அரசு அலுவலக வேலை. வாரம் முழுக்க ஃபைல் பார்த்துவிட்டு மேடையேறி உடம்பெல்லாம் நடுங்க நடுங்க இரைச்சல் எழுப்புவார்கள். அவர்களுடைய நிகழ்ச்சிப் பதிவுகளைப் பார்த்தால், இதைச் செய்பவர்கள் எல்லாம் கோபக்காரர்கள் என்ற எண்ணம் போய்விடும். இருவர் முகத்திலும் அத்தனை சந்தோஷம்.

பிற்பாடு இதிலேயே ஒரு கிளை பிரிந்தது. ஆரம்பம் முதல் முடிவு வரை மாற்றமே இல்லாமல் நிற்கும் ஒலி. அதைச் சுவர் என்கிறார்கள். கனடாவின் தி ரீட்டா, பிரான்ஸின் வோமிர் ஆகியோர் அதில் பெயர் பெற்றவர்கள். வோமிர் நிகழ்ச்சிகளில் கேட்பவர்களின் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிவிடும் வழக்கம் உண்டு. தயவுசெய்து அதை வீட்டில் முயல வேண்டாம்.

எல்லாம் போனில் கிடைக்கும்போது எதற்குக் கேசட்?

இரண்டு காரணங்கள். ஒன்று வரலாறு, இன்னொன்று காது.

வரலாறு நமக்கும் தெரிந்ததுதான். எண்பதுகளில், தொண்ணூறுகளில் நம் ஊர் ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, டிடிகே 60-ஓ 90-ஓ வாங்கிப் பதிவு செய்துகொண்டோம் இல்லையா? கம்பெனி தயவு இல்லாமல் ஒருவருக்கு வேண்டியதை ஒரே ஒரு பிரதி எடுக்க வசதியான சாதனம் கேசட். அந்த வசதியைத்தான் நாய்ஸ்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் காசு போட்டு வெளியிட மாட்டார்கள் என்று தெரிந்ததால் வீட்டிலேயே பதிவு செய்து, அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, தபாலில் அனுப்பினார்கள். பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேசட் வரும். மெர்ஸ்பவ் வெளியே தெரியவந்தது அப்படித்தான்.

காது விஷயம் இன்னும் சுவாரசியமானது. டேப்பின் மேல் பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடு துகள்கள் ஓரளவுக்கு மேல் காந்தமேறாது. அதற்கு மேல் ஒலியைத் திணித்தால் உச்சிகள் மழுங்கி, எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி, ஒலி தடித்துப்போகும். கூர்மையான மேல் ஒலிகள்தான் முதலில் நசுங்கும். டிஜிட்டலில் அளவைத் தாண்டினால் உச்சி தட்டையாக வெட்டுப்படும், காதைக் கீறும். டேப்பில் அதே அத்துமீறல் கனமாக மாறுகிறது. அதனால்தான் பலர் வேண்டுமென்றே மீட்டர் முள்ளைச் சிவப்பில் வைத்துப் பதிவு செய்கிறார்கள். அங்கே டேப்பும் ஒரு வாத்தியம்.

எம்பி3 இதற்கு நேர் எதிர். கோப்பைச் சிறிதாக்கும் எந்த முறையும், அடுத்து என்ன ஒலி வரும் என்று கணிக்க முடிவதை நம்பியோ, காதுக்கு எட்டாது என்று நினைப்பதை வெட்டியோதான் வேலை செய்கிறது. இரைச்சலில் கணிக்க ஒன்றுமில்லை. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பில் போட்டால் அளவு பெரிதாகக் குறையாது. குறைந்த தரத்தில் ஸ்ட்ரீம் செய்தால் சுவர் கரைந்து தண்ணீர் கொப்பளிப்பதுபோல் ஆகிவிடும். போனில் கேட்டுவிட்டு “ஒன்றுமே இல்லையே” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கொப்பளிப்பைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

டேப்புக்கே உரிய ‘ஸ்ஸ்’ சத்தம் வீணைக் கச்சேரியில் தொந்தரவு. இங்கே யார் கவனிக்கப் போகிறார்கள்?

சரி, முதல் தடவை எப்படிக் கேட்பது?

ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள். வால்யூமைப் பேச்சுக்குரல் அளவில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். இதைச் சொன்னால் தீவிர ரசிகர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். ஹார்ஷ் நாய்ஸை மெதுவாகக் கேட்பது பாவம் என்பது அவர்கள் கட்சி. என் அனுபவத்தில், சத்தமாக வைத்தால் தாங்கிக்கொள்வதிலேயே கவனம் போய்விடுகிறது, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகிறது. மெதுவாக வைத்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் எரிச்சல் வரும். வரட்டும். காது எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடும்: ஒரு தாளம், திரும்ப வரும் ஓர் அடையாளம். கிடைக்காது. தேடி அலுத்தபின் தானாக விட்டுவிடும். அப்புறம்தான் ஒரே கட்டியாகக் கேட்டது அடுக்கடுக்காகப் பிரிய ஆரம்பிக்கும். அடியில் மெல்ல அசையும் ஓர் உறுமல். நடுவில் சரளைக் கல் லாரியிலிருந்து இறங்குவதுபோல் ஒரு கரடு. மேலே ஒரு சீறல், அது வலதிலிருந்து இடதுக்கு நகர்கிறதா, இல்லையா? இதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பின்தொடருங்கள். அது தொலைந்துபோகும்போது அடுத்ததற்குத் தாவுங்கள். கவனம் இடம் மாறினால் கேட்கும் பொருளே மாறிவிடும். நான் திரும்பத் திரும்ப இந்தக் கேசட்டுகளிடம் போவது அதற்காகத்தான். என்ன கேட்க வேண்டும் என்று மற்ற இசை நமக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, இங்கே அந்த வேலை முழுக்க நம் தலையில்.

இன்னொரு விஷயம்: தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாகக் கூடும், கழியும். பாட்டில் இது லேசாகத்தான் தெரியும். இரைச்சலில் எல்லா ஒலியும் இருப்பதால், அரை அடி நகர்ந்தாலே நிறம் மாறுவது அப்பட்டமாகத் தெரியும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் உயரமான கூரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள கூடத்தில் கேட்பது ஒன்று, லாஸ்பேட்டை அடுக்குமாடியில் பத்துக்குப் பத்து அறையில் கேட்பது இன்னொன்று. ஒரே கேசட் என்றே நம்ப முடியாது.

ஒரு பக்கம் முழுதும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த பக்கம் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

நடுவில் யாரோ பேசுவது கேட்கிறது. பேய் ரெக்கார்டிங்கா?

ஓடும் ஃபேனில் பக்கத்து வீட்டுச் சுப்ரபாதம் கேட்பதாகத் தோன்றி, ஃபேனை நிறுத்தினால் ஒன்றுமே இல்லாமல் போனதுண்டா? அதேதான். ஒழுங்கில்லாத ஒலியில் மூளை பழகிய குரலைக் கண்டுபிடித்துவிடும். எனக்குக் கேட்கும்போதெல்லாம் வருவது ரயில்வே அறிவிப்புப் பெண்ணின் குரல்.

ஆனால் உண்மையிலேயே குரல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய கேசட்டின் மேல் பதிந்ததாக இருந்தால், பழைய பதிவை அழிக்கும் ஹெட் (நாடா உரசிப் போகும் காந்த முனை) பலவீனமாக இருந்த இடத்தில் முந்தைய பதிவு அடியில் லேசாகத் தங்கியிருக்கும். குரல் தலைகீழாக, பின்னோக்கிப் பேசுவதுபோல் இருந்தால் ஒலியைப் படிக்கும் ஹெட் சற்று இறங்கியோ ஏறியோ உட்கார்ந்திருக்கிறது, மறுபக்கத்துப் பதிவையும் சேர்த்துப் படிக்கிறது. 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில் இரு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள் ஓடுகின்றன, கொஞ்சம் பிசகினாலும் அடுத்த வீட்டுக்குள் போய்விடும்.

காது போய்விடாதா?

போகும், சத்தமாக நெடுநேரம் கேட்டால். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் அளவு 85 டெசிபலில் நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 94-ல் 1 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம். பாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு, இடையிடையே காது இளைப்பாறும். சுவர் மாதிரியான நாய்ஸில் அந்த இடைவெளி கிடையாது. அதனால் வாக்மேனில் பாட்டுக்கு வைக்கும் அதே எண்ணில் வைத்தாலும் காதுக்குள் போகும் மொத்தச் சுமை அதிகம். இரண்டு எண் குறைத்தே வையுங்கள். கேட்டு முடித்தபின் காதில் ‘ங்ங்’ என்று ரீங்காரம் இருந்தால் அது அதிகம் என்று அர்த்தம். மறுநாளும் இருந்தால் காது டாக்டரைப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தில் சண்டை வராதா?

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். மேலே சொன்ன பேச்சுக்குரல் அளவில் வைத்தால் வாசலைத் தாண்டி அதிகம் போகாது.

எங்கள் தெருவில் வந்தது சண்டை இல்லை, கரிசனம். மாடி வீட்டு ஐயா இறங்கி வந்து, “தம்பி, உங்க மோட்டார் காத்து இழுக்குது போல, ஆஃப் பண்ணிடுங்க, காயில் எரிஞ்சிடும்” என்றார். கேசட்டைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, மோட்டாரையும் ஒரு தடவை பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாண்டு ஹாரன், ஜெனரேட்டர், கட்சிக் கூட்ட மைக்... இவ்வளவு சத்தத்தில் வாழ்கிறோம், காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் பஸ் பின்னால் வந்து அடிக்கும் ஹாரன் உங்களைப் பார்த்து ‘நகரு’ என்கிறது. மைக் ‘ஓட்டுப் போடு’ என்கிறது. அந்தச் சத்தம் எல்லாம் நம்மிடம் ஏதோ கேட்கிறது, நிறுத்தும் பட்டனும் நம் கையில் இல்லை. கேசட் எதையும் கேட்பதில்லை, பட்டன் என் கையில் இருக்கிறது. எனக்கு அந்த வித்தியாசம் போதுமானதாக இருக்கிறது. உங்களுக்குப் போதவில்லை என்றால், மாலை நேரத்தில் அமைதியாக இருப்பது இன்னும் நல்லது, செலவும் இல்லை.

எனக்கு ‘தானே’ புயல்தான் நினைவுக்கு வருகிறது. கேட்க முடியவில்லை.

கடலூர்க்காரர்கள் சிலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புயல் கரையைக் கடந்த 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, மாற்றமே இல்லாமல் நீளும் உறுமல் வேறு எதையும் சொல்லாது. நிறுத்திவிடுங்கள். பழகிவிடும், முயன்று பாருங்கள் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

நல்ல நாய்ஸ், மோசமான நாய்ஸ் என்று உண்டா? எல்லாம் ஒன்றுதானே?

உண்டு, நிறையவே உண்டு. வெளிவருவதில் பாதிக்கு மேல் சலிப்பூட்டும். ஒரு பெடலை வாங்கி, எல்லாக் குமிழையும் முழுதாகத் திருகிவிட்டு, முப்பது நிமிடம் வேறு வேலை பார்த்திருப்பார் என்று கேட்டதுமே தெரியும்.

நான் கவனிப்பது வெட்டுகளை. மசோன்னாவின் பதிவுகளில் அலறல் திடீரென்று நின்று, கண் இமைக்கும் நேரம் ஒன்றுமில்லாமல் போய், மறுபடி பாயும். அந்த ஒன்றுமில்லாத நேரம் சரியான இடத்தில் விழுகிறதா என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. மிருதங்க வித்வான் அடிக்காமல் விடும் இடத்தை ரசிக்கத் தெரிந்தவருக்கு இது விளங்கும். மெர்ஸ்பவிடம் அடுக்குகள் உண்டு: ஒன்று மேலே வரும்போது இன்னொன்று ஒதுங்கி இடம் விடும். சுவர் வகையில் வெட்டும் இல்லை, அடுக்கும் நகராது. அங்கே பார்க்க வேண்டியது ஒலியின் இழை மட்டும். தி ரீட்டாவின் சுவரில் அந்த நொறுங்கல் தனித்தனித் துகளாகக் கேட்கும். கை பழகாதவர்களின் சுவர் மாவாகக் கேட்கும்.

அட்டைப் படங்கள் ஏன் இவ்வளவு கோரமாக இருக்கின்றன?

எல்லாம் அப்படி இல்லை. ஆனால் எண்பதுகளிலிருந்தே ஒரு கூட்டம் பிணம், சித்திரவதை, பெண்களைக் கட்டிப்போட்ட படம் என்று அட்டையில் போட்டு அதிர்ச்சி கொடுப்பதைப் பெரிய சாதனையாக நினைத்து வந்திருக்கிறது. சிலர் நாஜி சின்னங்களோடும் விளையாடியிருக்கிறார்கள். ஒலிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் வாங்குவதில்லை, பரிந்துரைப்பதும் இல்லை. வெறும் சாம்பல் நிற அட்டையில் நல்ல நாய்ஸ் ஏராளமாகக் கிடைக்கிறது.

எந்தச் செட் வாங்குவது?

புதிதாக வரும் மலிவு வாக்மேன்களைவிட நல்ல நிலையில் உள்ள பழைய செட் மேல். யார் வீட்டுப் பரணிலாவது ஒரு டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட்) கிடக்கும், முதலில் அங்கே கேளுங்கள். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான் விரிப்புகளில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். வாங்குமுன் ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்டு கேசட் சுற்றவில்லை என்றால் பெல்ட் இளகிப்போயிருக்கிறது. அது பெரிய பிரச்சினையில்லை, மாற்றிவிடலாம். நாடாவை இழுத்து ஓட்டும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் பளபளவென்று கல்லாக இறுகியிருந்தால் டேப்பைத் தின்னும். ஹெட்டில் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுப் பஞ்சுக் குச்சி போதும். அப்புறம் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்னத் திருகு ஒன்று இருக்கும். டேப் ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அதில் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கைவிடச் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது. ஹெட் இம்மி சாய்ந்திருந்தாலும் மேல் ஒலி மங்கிவிடும். கேசட்டை ஓடவிட்டு, சீறல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் வரை அந்தத் திருகைக் கால் சுற்றுக்குள் முன்னும் பின்னும் திருப்புங்கள். பாட்டை வைத்து இதைச் செய்வது கஷ்டம். எல்லா உயரத்திலும் ஒலி இருப்பதால் ஹார்ஷ் நாய்ஸ் கேசட் இந்த வேலைக்கு அருமையானது. எங்கள் பக்கத்து ரிப்பேர்க்காரர் என் கேசட் ஒன்றை இதற்காகவே கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். அதைத் தவிர வேறு காரணத்துக்காக அவர் கேட்டதில்லை.

டால்பி (டேப்பின் ‘ஸ்ஸ்’ சத்தத்தைக் குறைக்கும் வசதி) பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பியோடு ஓட்டினால் மேல் ஒலி அமுங்கும். கேட்க வந்ததே அதைத்தானே.

கடல் காற்றில் கேசட் தாங்குமா?

தாங்கும், கவனித்தால். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கரையோரத்தில் குடியிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டாகப் பூஞ்சை பிடிக்கும். அப்படிப்பட்ட கேசட்டைச் செட்டில் போடாதீர்கள், ஹெட்டுக்கும் அங்கிருந்து மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, செங்குத்தாக நிற்கவைத்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடவிடுங்கள். ஸ்பீக்கரின் மேல் வைக்க வேண்டாம், உள்ளே காந்தம் இருக்கிறது. கேசட்டின் வாயில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் திண்டு இருக்கும். பழையதில் பசை காய்ந்து அது விழுந்துவிடும், ஒலி திடீரென்று மங்கும். உபயோகமில்லாத வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) வாங்குங்கள், சி-120 வேண்டாம். நீளம் கூடக்கூட நாடா மெலிந்துகொண்டே போகும், நம் ஊர் வெயிலுக்கு இழுபட்டு வளையும்.

நானே ஒன்று செய்து பார்க்கலாமா?

தாராளமாக. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பீசோ தகடு என்று கேட்டால் வட்டமாகப் பித்தளை நிறத்தில் ஒன்று தருவார்கள், விலை சொற்பம். அதில் இரண்டு ஒயரைப் பற்றவைத்தால் கான்டாக்ட் மைக் தயார். எண்ணெய் டின், இரும்புக் கட்டிலின் ஸ்பிரிங், உடைந்த குடையின் கம்பி எதில் வேண்டுமானாலும் ஒட்டுங்கள். அதை டூ-இன்-ஒன்னின் மைக் துளையில் செருகிப் பதிவு செய்தால், செட்டுக்குள் இருக்கும் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடும். ஒலி மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும். ஸ்டுடியோக்காரர்களுக்குப் பிடிக்காது, நமக்கு அது இலவச எஃபெக்ட்.

மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸ் கட்டிகளை நொறுக்கும் இயந்திரத்தைக் கேட்டிருக்கிறீர்களா? கடலூர் துறைமுகத்திலோ தேங்காய்த்திட்டிலோ விடியற்காலையில் போய்ப் பாருங்கள். முதலில் பளாரென்று உடைவது, பிறகு அரைபடுவது, கடைசியில் துகள் கொட்டுவது என்று மூன்று கட்டம். வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் வழியில் நிற்காமல் பதிவு செய்யுங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் போகாதீர்கள், திட்டு வாங்குவீர்கள்.

பதிவதற்குப் புதுக் கேசட் வேண்டியதில்லை. அமெரிக்காவில் லோவல் ஊரைச் சேர்ந்த ஆர்ஆர்ரெக்கார்ட்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனம், யாரோ கழித்துவிட்ட பாட்டுக் கேசட்டுகளின் மேலேயே நாய்ஸைப் பதிந்து, முகப்பில் டேப் ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதி ஒரு வரிசையே வெளியிட்டது. கேசட்டின் மேல் முனையில் உடைத்திருக்கும் துளையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். ஆனால் அழிப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் கடைசி வரை கேளுங்கள். நம் வீடுகளில் சினிமாப் பாட்டு அட்டைக்குள் தாத்தாவின் குரல், காதுகுத்து விழா, வளைகுடாவிலிருந்து மாமா பேசி அனுப்பியது என்று எது வேண்டுமானாலும் இருக்கும்.

கேட்கும்போது தூக்கம் வருகிறது. தப்பா?

இல்லை. எனக்கும் வரும்.

பாதியில் கரண்ட் போனால்?

முதல் வேலையாக ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். பழைய செட்டுகளில் பிளே பட்டன் அழுந்தியபடியே நிற்கும், ரப்பர் ரோலர் நாடாவை இரும்பு அச்சோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியே மணிக்கணக்கில் விட்டால் ரோலரில் பள்ளம் விழும், நாடாவில் மடிப்பு விழும், அந்த இடம் வரும்போதெல்லாம் ஒலி தடுக்கும். மறந்துபோய்ப் படுத்துவிட்டால் வேறொரு பிரச்சினையும் உண்டு. கரண்ட் திரும்பும்போது செட் விட்ட இடத்திலிருந்து தானாகவே ஓட ஆரம்பிக்கும். நம் ஊரில் அது பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் திரும்பும்.